பெட்டி விழவில்லை என்றேன்

என் வாழ்நாளில் பல பொய்கள் சொல்லியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுக்காக மட்டும் விமானம் ஏறி நார்வே வரை போக வேண்டியிருந்தது. “பெட்டி எங்கையாவது விழுந்ததோ?” என்று பிலோமினா கேட்டார். “இல்லையே” என்றேன். பெட்டி விழுந்திருந்தது. கீழே போட்டவன் நான்தான். அந்த ஒரு சொல்லால் அவருடைய ஆராய்ச்சிப் படிப்பு நின்றது. எங்கள் இருவரில் ஒருவருக்கு என்றிருந்த விரிவுரையாளர் வேலை எனக்கு வந்தது. முப்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மாலையும் பொன்னாடையும் வாங்கிக்கொண்டு ஓய்வுபெற்றேன்.

என்ன பெட்டி என்று சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் நாங்கள் சென்னையில் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவர்கள். பிலோமினா யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றிலிருந்து படிக்க வந்தவர். பையான் என்ற துகளைப் பற்றிக் காகிதத்தில் கணக்குப் போடுவது எங்கள் தொழில். பையானுக்கு ஆயுள் மிகக் குறைவு. ஒரு நொடியைக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட முழுதாக வாழாது. அதற்குள் அதை ஹீலியம் போன்ற சின்ன அணுக்கருவின் மேல் எய்து, எந்தக் கோணத்தில் எத்தனை சிதறுகின்றன என்று வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையைக் கோடாக வரைந்தால் மலைச்சரிவு மாதிரி இறங்கி, ஓரிடத்தில் பள்ளமாகி, மறுபடி ஏறும். அந்தப் பள்ளத்தைக் கணக்கிலும் அதே இடத்தில் விழவைக்க வேண்டும்.

என் கணக்கில், ஹீலியத்துக்குள் இருக்கும் நான்கு துகள்களிலும் பையான் மோதித் திரும்பும், வேறொன்றும் நடக்காது. என் பள்ளம் உண்மைப் பள்ளத்துக்குச் சற்று வலப்பக்கம் விழுந்தது. சோதனை செய்தவர்கள் எங்கோ தவறிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிலோமினா வேறு மாதிரி யோசித்தார். சில சமயம் இரண்டு துகள்கள் சேர்ந்து பையானை விழுங்கிவிடுகின்றன, அந்த விழுங்கலையும் சேர்த்தால் பள்ளம் இடம் மாறும் என்றார்.

அவர் கணக்கு முழுவதும் துளையிட்ட அட்டைகளில் இருந்தது. ஓர் அட்டைக்கு ஒரு வரி. அறுநூறு அட்டைகள், ஒரு நீளப்பெட்டி. பெரிய கணினி பம்பாயில். எங்கள் முறை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும். அந்த முறை நான் போனேன். “கீழை வைக்காதையுங்கோ” என்று சொல்லிப் பெட்டியைக் கொடுத்தார். அட்டைகள் குலைந்தால் திரும்ப அடுக்குவதற்காக, கட்டின் மேல்விளிம்பில் குறுக்காக ஒரு கோடு இழுத்துவைப்பது எங்கள் வழக்கம். எல்லாரும் மையால் இழுப்பார்கள். பிலோமினா நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூடெக்ஸால் இழுத்திருந்தார்.

குண்டக்கல் சந்திப்பில் வடை வாங்க இறங்கினேன். கீழே வைக்கக் கூடாது என்பதால் இடது கையில் பெட்டி; வலது கையில் காகிதத்தில் சுற்றிய சூடான மசால் வடை நான்கு. சுமைக்காரர் ஒருவர் இடித்தார். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலையில் என் உடம்பு வடையைக் காப்பாற்றியது. பிளாட்பாரம் முழுக்க அட்டை. பொறுக்கி, சிவப்புக் கோட்டைப் பார்த்துப் பார்த்து அடுக்கினேன். கோடு நேராக வந்தது. அறுநூறில் ஒன்று குறைந்தால் கோட்டில் தெரியாது.

காகிதத் தட்டுப்பாட்டால் பம்பாயில் அட்டை வரிகளை விட்டுவிட்டு விடையை மட்டும் அச்சிட்டுத் தந்தார்கள். பெட்டி அடுத்த முறைக்காக அங்கேயே தங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை பிற்பகல் கருத்தரங்கில், நாற்பது பேர் முன்னால், பிலோமினா தன் விடையைக் கோடாக வரைந்து காட்டினார். அது என் கோட்டின் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருந்தது. “விழுங்கலைப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான் போலிருக்கிறதே? இல்லை, ராமநாதன் நோட்டைப் பார்த்து எழுதினாயா?” என்று என்னைக் காட்டிக் கேட்டார் பேராசிரியர். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் துவைக்கப் போட என் துணிப்பையைக் கவிழ்த்தேன். பழைய வடைக் காகிதத்தோடு எண்ணெயில் ஒட்டிக்கொண்டு ஓர் அட்டை விழுந்தது. விழுங்கலை மொத்தக் கணக்கோடு கூட்டச் சொல்லும் வரி அது. அது இல்லாவிட்டால் கணினி எந்தக் குறையும் சொல்லாது. அமைதியாக என் கணக்கைப் போட்டுத் தரும். திங்கட்கிழமை பிலோமினா என் மேசைக்கு வந்து கேட்டபோது அந்த அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. “இல்லையே” என்றேன். இரண்டு மாதத்தில் அவர் ஊர் திரும்பிவிட்டார்.

அதன் பிறகு அட்டை என்னோடு வீடு மாறியது, பர்ஸ் மாறியது. இரண்டாயிரங்களின் நடுவில் என் மகள் மாலதி கணினி வேலையாக ஓஸ்லோ போனாள். ஒருநாள் தொலைபேசியில், “அப்பா, இங்க தமிழ்க் கடையில ஒரு ஆன்ட்டியைப் பாத்தேன். நீங்க பிசிக்ஸ் ப்ரொஃபசர்னு சொன்னதும் பேர் கேட்டாங்க. சொன்னேன். ஒரே சிரிப்பு. ‘அப்பாவுக்கு ஹீலியம் ஞாபகம் இருக்கோ எண்டு கேளும்’னாங்க. என்னப்பா அது?” என்றாள்.

“பலூன்ல அடைப்பாங்களே, அது” என்றேன். அடுத்த மாதமே விசாவுக்கு எழுதிப்போட்டேன். மகளுக்கு மகிழ்ச்சி. அப்பாவுக்குத் தன்னைப் பார்க்க இவ்வளவு ஆசையா என்று நினைத்தாள். அதையும் நான் திருத்தவில்லை.

முதல் நாள். மாலதியின் வீடு அம்மருட் என்ற இடத்தில், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில். லிஃப்டில் ஒரு பெரியவரைப் பார்த்துப் புன்னகைத்தேன். அவர் தன் காலணியைப் பார்த்தார். எங்கள் ஊரில் ஒன்பது மாடி ஏறுவதற்குள் சம்பந்தம் பேசி முடித்திருப்பார்கள். காலையில் மாலதி ரொட்டியின் மேல் பழுப்பாக எதையோ சீவிப் போட்டுக் கொடுத்தாள். திரட்டுப்பால் என்று நம்பிக் கடித்தேன். திரட்டுப்பாலில் யாரோ உப்பைக் கொட்டியது போலிருந்தது. இந்த ஊர்ச் சீஸ் இது, இங்கே குழந்தைகள் இதற்காக அழும் என்றாள். எனக்கும் அழுகை வந்தது.

இரண்டாம் நாள். மாலதி வேலைக்குப் போனதும் கிளம்பினேன். பிலோமினாவின் முகவரியைக் கடையில் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். மோர்டென்ஸ்ருட். ‘டே-பானே’ என்று அவர்கள் சொல்லும் சுரங்க ரயிலில் நடுவில் ஒருமுறை மாறி, கடைசி நிலையம் வரை போக வேண்டும். போன் செய்துவிட்டுப் போகலாமே என்று காலையில் சொல்லியிருந்தாள். போன் செய்தால் எதற்கு வருகிறீர்கள் என்று கேட்பார்களே.

ரயிலில் யாரும் யாரோடும் பேசவில்லை. நம் ஊர் ரயிலானால் முறுக்கு விற்பவர், பிச்சை கேட்பவர், எதிர்சீட்டுக்காரரின் மூட்டுவலி என்று மனசாட்சிக்கு இடமே இருக்காது. இங்கே அரைமணி நேரம் நானும் அதுவும் மட்டும். மோர்டென்ஸ்ருட் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன். கதவு மூடியது. வந்த வழியே ரயில் திரும்பியது.

பாதி வழியில் சீட்டுப் பரிசோதகர் வந்தார். என் சீட்டின் நேரம் முடிந்துபோயிருந்தது.

“எங்கே போகிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“மோர்டென்ஸ்ருட்.”

“இது எதிர்த்திசையில் போகிறது.”

“தெரியும்.”

“பிறகு ஏன் இதில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?”

நான் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டேன். அவர் மிக மரியாதையாக அபராதம் எழுதினார். தண்டனை எங்கிருந்தாவது தொடங்கத்தானே வேண்டும் என்று வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், அதே நேரம், அதே ரயில், அதே இருக்கை. மோர்டென்ஸ்ருட் வந்தது. நான் எழவில்லை. ரயிலிலிருந்து இறங்கிப் பிளாட்பாரத்தில் நடந்துவந்த ஓட்டுநர், என் ஜன்னலருகே நின்றார். நரைத்த மீசை, சீருடை. உள்ளே ஏறி நார்வீஜிய மொழியில் ஏதோ சொன்னார். இதுதான் கடைசி நிலையம் என்றாராம். பிறகு என் முகத்தையும் மஃப்ளரையும் பார்த்தார்.

“ஐயா, நீங்கள் தமிழோ?”

“ஆமாங்க.”

“நேற்றும் இந்தச் சீற்றிலைதான் இருந்தனீங்கள். இறங்கேல்லை. இண்டைக்கும் இறங்கிற மாதிரித் தெரியேல்லை. ரயில் நல்லாப் பிடிச்சுப் போச்சோ?”

“இல்லைங்க. இங்க ஒருத்தங்களைப் பாக்கணும்.”

“ஆரை?”

“பிலோமினான்னு... அந்தக் காலத்துல என்னோட படிச்சவங்க.”

தொப்பியைக் கழற்றினார். “அது என்ரை மனுசியெல்லோ!”

பிலோமினாவின் கணவர்; பெயர் சவிரிமுத்து. வேலை அத்தோடு முடிந்திருந்தது. வேறு ஓட்டுநர் வந்து ரயிலை எடுத்துப் போனார். என்னைக் கையோடு பிடித்துக்கொண்டு, நடந்தபடியே போனில் பேசினார். “பிலோ, ஒராள் உன்னைத் தேடி ரெண்டு நாளா ரயிலிலை சுத்துறார்... இல்லையப்பா, வயசான ஆள்தான். பயப்பிடாதை.” பிறகு என்னிடம், “நீங்கள் கதைக்கிறது அப்பிடியே படத்திலை கேக்கிற மாதிரி இருக்குது, ஐயா. இன்னும் கொஞ்சம் கதையுங்கோ” என்றார்.

வீட்டு வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும். நம் ஊர் வழக்கம்தானே என்று குனிந்தபோதுதான் பார்த்தேன்: வலது காலுறையில் ஓட்டை, கட்டைவிரல் முழுதாக வெளியே. முப்பது வருடக் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவன் அந்த விரலை மடக்கியபடி நொண்டி நொண்டி உள்ளே போனேன்.

பிலோமினா கத்தரித்த நரைமுடியும் கம்பளிச் சட்டையுமாக அடுப்படியிலிருந்து வந்தார். “ராமநாதன்! தலைமயிர் எல்லாம் எங்கை?” எங்கள் பக்கம் ஒரு பெண் வாயில் அந்தச் சொல் வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவர்கள் பக்கம் அது வெறும் முடிதான். அந்தச் சிரிப்பு மாறவேயில்லை. சின்னக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பார்னஹாகே ஒன்றில் உதவியாளர் வேலை என்றார். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம்.

புட்டு, மீன்குழம்பு, தேங்காய்ப்பால் விட்ட சொதி. சவிரிமுத்து சொதியை ஒரு கரண்டி குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“உப்புப் போட்டனீரோ?”

“போட்டனான்.”

“போட்டாலும் ஒண்டுதான், போடாட்டிலும் ஒண்டுதான். ஹீலியம்!” என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “ஐயாவுக்கு விளங்கியிருக்குமே! கலியாணம் கட்டின வருசம் இவதான் அந்தக் கதையைச் சொன்னவ. எங்கடை வீட்டிலை எது பிழைச்சாலும் இப்ப ஹீலியம்தான். கார் வெளிக்கிடாட்டில் ஹீலியம். மூத்தவள் சோதினையிலை குறைஞ்ச மார்க்ஸ் எடுத்தா ஹீலியம்.”

பிலோமினாவும் சிரித்தார். “நான்தானே சொல்லிக் குடுத்தனான். மற்றவை சிரிக்க முதல் நான் சிரிச்சால் நோகாது.”

தண்ணீர் குடித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துச் சொதிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பிலோமினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் தலையில் அச்சாகியிருந்த வரியைப் படித்தார். பிறகு விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பாக ஒரு பொட்டு.

“இது என்ரை கியூடெக்ஸ்.”

“ஆமா.”

“இது என்ன, எண்ணெயோ?”

“வடை.”

“என்ன வடை?” என்றார் சவிரிமுத்து.

“மசால் வடை” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குண்டக்கல், பிளாட்பாரம், துணிப்பை, சட்டைப்பை. சொல்லும்போது மேசை விரிப்பில் பூ எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு பூ.

“நான் கேட்டனான்,” என்றார் பிலோமினா. “பெட்டி விழுந்ததோ எண்டு கேட்டனான். முகத்தைப் பாத்து இல்லை எண்டனீர்.” அதுவரை நீங்கள் என்றவர் நீர் என்றார். “என்ரை தாளிலை அந்த வரி இருந்தது. நூறு தரம் பாத்தனான். வரி இருக்குது, விடை மாறேல்லை. அப்ப என்ரை யோசினைதான் பிழை எண்டு போட்டு வந்தனான். முப்பது வருசமா நான் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்.”

எழுந்து அடுப்படிக்குப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது. சவிரிமுத்து என்னைப் பார்க்கவில்லை. தன் சொதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நானும் எத்தினை தரம் ஹீலியம் எண்டு...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

பிலோமினா திரும்பி வந்தபோது கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு, அவர்கள் பேச்சில் கொப்பி, இருந்தது. “நாளைக்கு எத்தினை மணிக்கு வருவீர்?”

“எதுக்கு?”

“கணக்குப் போட. மன்னிப்புக் கேக்கிறதெல்லாம் பிறகு. முதல் அந்த வரியைப் போட்டா என்ன வருகுது எண்டு எனக்குத் தெரியவேணும்.”

நான்காம் நாள். மாலதியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் தன் மடிக்கணினியை எடுத்து, “ஃபோர்ட்ரான் இன்னும் உயிரோட இருக்கா?” என்று அட்டைக் காலத்துக் கணினி மொழியைத் தேடி, பத்து நிமிடத்தில் இலவசமாக இறக்கிப் போட்டாள். என் ஆய்வேட்டையும் கொண்டுபோயிருந்தேன். பயணப்பெட்டியில் அப்பளக் கட்டுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் இருந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் என் கணக்கு வரிக்கு வரி இருந்தது. அதற்கு மேல் பிலோமினா கட்டியிருந்த பகுதிதான் இல்லை. அவர் தாள்களெல்லாம் ஊரிலேயே, வீட்டோடு போய்விட்டன. நினைவிலிருந்து எழுத வேண்டும்.

பிலோமினாவின் வீட்டில், அவர் வேலைக்குப் போக முடியாதே என்ற பேச்சு வந்தது. “காய்ச்சல் எண்டு சொல்லன்” என்றார் சவிரிமுத்து.

“பொய் சொல்லவோ?” என்றார் பிலோமினா. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் வழியாக ஒரு மரத்தைப் பார்த்தேன். பிலோமினா தலைமையாளரைக் கூப்பிட்டு, அணுக்கருக் கணக்கு ஒன்று பாதியில் நிற்கிறது, மூன்று நாள் வேண்டும் என்றார். சரி, நல்லபடி முடியட்டும் என்றாராம் அந்த அம்மையார். எங்கள் துறையில் இந்தக் காரணத்துக்கு விடுப்புக் கிடைத்திருக்காது.

மூன்று நாளும் சாப்பாட்டு மேசையில் சண்டை. இரண்டு பேருக்கும் சூத்திரங்கள் பாதி மறந்துவிட்டன. மறந்த பாதிகள் வேறு வேறாக இருந்ததால் பிழைத்தோம். “அது வர்க்கம், அடர்த்தியின் வர்க்கம்! ரெண்டு துகள் சேர்ந்தெல்லோ விழுங்கிறது!” என்று பென்சிலால் என் கையைத் தட்டினார். சவிரிமுத்து வேலை முடிந்து வந்து தேநீர் போட்டார். ஒரு தடவை நின்று கேட்டார்: “இந்தப் பையானுக்கு ஆயுள் எவ்வளவு?”

சொன்னேன்.

“அவ்வளவுக்குள்ளை இவ்வளவு பிரச்சினையோ?”

நடுவில் ஒரு காலை பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆய்விதழ் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஹீலியம் சோதனையின் அளவுகளைப் பிரதி எடுத்தோம். நிலவறைத் தட்டில் இருந்தது. நூலகர் அதைத் தூசி தட்டிய விதத்தில் எங்கள் துறையின் நிலைமை தெரிந்தது.

ஆறாம் நாள் மாலை எல்லாம் தயார். முதலில் அந்த வரி இல்லாமல் ஓட்டினோம். பம்பாயில் இரண்டு நாள் வராந்தாவில் காத்துக் கிடந்து வாங்கிய விடை, பொத்தானிலிருந்து விரலை எடுக்கும் முன் வந்துவிட்டது. என் கோடு, என் பள்ளம், வலப்பக்கம் தள்ளி. இரண்டு பேருக்கும் மனப்பாடமான கோடு.

பிலோமினா அட்டையை எடுத்துச் சர்க்கரைப் போத்தலில் சாய்த்து வைத்தார். அதைப் பார்த்து ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக அந்த வரியைத் தட்டினார். சவிரிமுத்து அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“போடட்டோ?”

“போடும்” என்றார் சவிரிமுத்து.

கோடு வந்தது. பள்ளம் நகர்ந்திருந்தது. சோதனைப் புள்ளிகளை நோக்கிச் சரியான திசையில் நகர்ந்து, அவற்றைத் தாண்டி, இடப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. நான் வலப்பக்கம் எவ்வளவு தவறியிருந்தேனோ ஏறத்தாழ அவ்வளவு அவர் இடப்பக்கம்.

இந்தப் பெண்ணிடம் உண்மையைக் கொண்டுவந்து கொடுத்தேன். உண்மை, அவரும் தவறு என்பதா?

“பிழையோ?” என்று மெதுவாகக் கேட்டார் சவிரிமுத்து.

“ஓம். பிழை.” திரையைப் பார்த்தபடியே இருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். “ஆனா பாருங்கோ, எங்கை நிக்குது எண்டு பாருங்கோ! இவரின்ரை கோட்டிலை இல்லை! கிட்டவும் இல்லை! நான் பாத்தெழுதேல்லை!” கணவரின் கையைப் பிடித்துத் திரையில் வைத்தார். “பிழை எண்டாலும் என்ரை பிழை.”

சவிரிமுத்து அந்தப் பள்ளத்தை விரலால் தடவினார். “வடிவான பிழை” என்றார்.

பிறகு பிலோமினா கொப்பியில் எதையோ கிறுக்கிப் பார்த்தார். பார்த்தபடியே, குரலில் எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார்: “விழுங்கிற பலத்தின்ரை எண்ணைக் கூடுதலாப் போட்டிட்டன். இதை அண்டைக்குக் கண்டிருந்தா ரெண்டு மாதத்திலை சரிப்பண்ணியிருப்பன்.” அந்த இரண்டு மாதத்தைப் பற்றி நான் இன்றும் யோசிக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். “தேத்தண்ணி ஆறுது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்கடை பேராசிரியர் இருக்கிறாரோ?” என்று கேட்டார்.

“இருக்கார். தொண்ணூறைத் தாண்டிட்டார்.”

“எனக்குச் சொன்னது காணாது. எல்லாருக்கும் முன்னாலை சிரிச்சவை. எல்லாருக்கும் முன்னாலை சொல்லும்.”

ஏழாம் நாள் மாலதி எங்களுக்குக் கோட்டை அச்சிட்டுக் கொடுத்தாள். பிலோமினா அதை ஃப்ரிட்ஜ் கதவில், பார்னஹாகே பிள்ளைகள் வரைந்த மூன்று கால் பூனைக்குப் பக்கத்தில் காந்தம் வைத்து மாட்டினார். அட்டையையும் அதே காந்தத்தில் செருகினார். என்னை நிலையம் வரை கொண்டுவந்து விட்ட சவிரிமுத்து, ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. “முதல் நாளே பாத்தனாங்கள். சொன்னா வெக்கப்படுவியள் எண்டு விட்டிட்டம்” என்றார்.

சென்னை திரும்பி, எங்கள் துறையில் அரை மணி நேரம் பேச அனுமதி கேட்டேன். அதே அறை. ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் ஏசிக்காக. பேராசிரியரைச் சக்கர நாற்காலியில் முன்வரிசைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு கோடுகளையும் காட்டி, நடந்ததைச் சொன்னேன். கேள்விகள் உண்டா என்றேன். “சார், பஞ்ச் கார்டுன்னா என்ன?” என்று ஒரு மாணவி கேட்டாள். விளக்கினேன்.

பிறகு பேராசிரியர் கையை உயர்த்தினார். காது கேட்காதவர்களுக்குரிய பெரிய குரல். “பாத்து எழுதினியான்னு அந்தப் பொண்ணைக் கேட்டது நானா?”

“நீங்கதான் சார்.”

“எல்லாரும் சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க சார்.”

“நீயும்?”

அதுவரை நான் யாரிடமும் சொல்லாதது அது. பிலோமினாவிடமும் சொல்லவில்லை. “நானும் சார்” என்றேன்.

அன்று மாலை அவர் பிலோமினாவின் தொலைபேசி எண்ணை வாங்கிப் பேசினார். பேராசிரியருக்குக் காது கேட்கவில்லை, அங்கே பிலோமினாவுக்கு இவர் சொல்வது புரியவில்லை. பதினைந்து நிமிடம் இருவரும் கத்திக்கொண்டார்கள். போனை வைத்துவிட்டு, “அந்த விழுங்கல் எண்ணைப் பாதியாக்கச் சொன்னேன். அவ ஏற்கெனவே ஆக்கிப் பாத்துட்டாளாம். பள்ளம் சரியா விழுதாம்” என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டேன். அங்கே பின்னால் ஏதோ வழக்கு நடந்துகொண்டிருந்தது. கடைசித் துண்டு கேக்கைத் தான் தொடவேயில்லை என்று சவிரிமுத்து சத்தியம் செய்தார். “ஓமோம், பெட்டி விழேல்லை!” என்று யாரோ ஓர் இளம்பெண் சொல்ல, வீடே சிரித்தது. பிலோமினா அவசரமாகப் போனுக்கு வந்தார். “உங்களுக்கில்லை, அப்பாவுக்குச் சொன்னவள். இஞ்சை இப்ப ஆர் பொய் சொன்னாலும் அப்பிடித்தான்.” ஹீலியம் என்ற பேச்சு அந்த வீட்டில் நின்றுவிட்டதாம்.

துறையில் பேசியதைச் சொன்னேன். நானும் சிரித்ததைச் சொன்னேன்.

“தெரியும்,” என்றார். “ரெண்டாவது வரிசை. பாத்தனான்.” பிறகு, “எத்தினை பேர் வந்தவை?” என்றார்.

“ஏழு பேர்.”

“அண்டைக்கு நாப்பது பேர்.”

“அவங்கள்ள பேராசிரியர் மட்டும்தான் வந்தார். மத்தவங்க எங்கெங்க இருக்காங்களோ...”

“தேடுங்கோ” என்று சொல்லிப் போனை வைத்தார்.

தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினாறு பேர் தெரியவந்திருக்கிறார்கள். ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் எனக்குத் தொந்தரவு தராதே என்று எழுதினார். மற்றவர்களுக்கு, கோட்டின் பிரதியோடு கடிதம் போட்டாகிவிட்டது. மீதியுள்ளவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரியாததால்தான் இந்தப் பயணத்தை எழுதி அனுப்புகிறேன். அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் அந்த அறையில் உட்கார்ந்து என்னோடு சிரித்த யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: பெட்டி விழுந்தது.